தனுஷ்கோடி இடிபாடுகளை ஒரே நாளில் நடந்து பார்க்க இயலுமா?

கீழக்கரை ஆசிரியர்:
மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலருடன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை நடந்தே சென்று, மாலைக்குள் இராமேசுவரம் திரும்ப எண்ணியுள்ளோம். வாகனத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்களோ அந்தத் துறைமுக ஊர் எப்படி இயங்கியது என்பதை அங்கேயே நின்று விளக்க விரும்புகிறோம். எந்த மாதம் ஏற்றது? எதைத் தவறவிடக் கூடாது?

பாம்பன்வாசி:
தாராளமாக இயலும். சத்திரத்திலிருந்து பழைய ஊர் 5 கி.மீ.; அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை மேலும் 4.5 கி.மீ. போகும்போது நடந்துவிட்டு, திரும்பும்போது பேருந்தைப் பிடியுங்கள். வாடை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசி மாதங்களே நல்லவை. ஆனி, ஆடியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

தேவாலயத்தைவிட ரயில் நிலையத்தின் மிச்சங்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலைப் பிடித்துக் கொழும்பு சென்றார்கள். ஊரின் பிழைப்பே அந்தப் போக்குவரத்துதான். சுவர்களையும் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தேன்கூடுபோல் துளைகள் நிறைந்த பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்திருக்கிறார்கள். உப்புக்காற்றில் அந்தச் சாந்து தொட்டாலே உதிர்கிறது. ஆகவே யாரும் ஏறவோ சாயவோ வேண்டாம்.

தங்கச்சிமடம்:
1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அலையில் மூழ்கியதையும், அதன்பின் ஊர் குடியிருப்புக்குத் தகுதியற்றதென அரசு அறிவித்ததையும் சொல்லும்போது, மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஆளில்லாத பேய் நகரம்’ என்னும் விளம்பரப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. அவர்கள் மணலில் தோண்டும் ஊற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மழைநீர் உப்புநீரைவிட இலேசானதால் மணலுக்குள் மேலாகத் தங்கி நிற்கிறது. சில அடியில் குடிநீர் கிடைக்கும், பேராசைப்பட்டு ஆழப்படுத்தினால் உப்பேறிவிடும்.

கீழக்கரை ஆசிரியர்:
மிக்க நன்றி. முனையில் மாணவர்களைக் கடலில் இறங்க விடலாமா?

பாம்பன்வாசி:
வேண்டாம். வடக்கே பெண்கடல் எனப்படும் வங்கக் கடல் அமைதியாகத் தெரிந்தாலும், முனையருகே தெற்கிலுள்ள ஆண்கடலின் (மன்னார் வளைகுடா) நீரோட்டமும் வந்து கலப்பதால் கால் நனைப்பதுகூட ஆபத்து. வழியில் நிழல் கிடையாது. தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் காவலர்கள் அனைவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், விடிந்தவுடன் புறப்படுங்கள்.