காகம் "கரைந்தது" என்று எழுதலாமா, "கத்தியது" என்று மாற்றிவிடலாமா?

கேள்வி:
ஆறு வயது மகளுக்காக ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "விடிந்ததும் காகம் கரைந்தது" என்று படித்துக் காட்டினேன். அவள் பதறிப்போய், "தண்ணீரில் விழுந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்து கரைவது சர்க்கரையும் உப்பும்தான். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. பள்ளியில் ஒலிமரபு என்று மனப்பாடம் செய்ததோடு சரி. "கத்தியது" என்று மாற்றிவிடலாமா? ஏனோ மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
தாராளமாக மாற்றலாம். மயில் அகவும், கிளி மிழற்றும், கூகை குழறும் என்பதெல்லாம் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டன. பேச்சில் எல்லாப் பறவையும் கத்தத்தான் செய்கிறது. குழந்தைக்குப் புரிய வேண்டாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து மாற்றாதீர்கள். கரைதல் என்றால் கூப்பிடுதல். சர்க்கரை கரைவதும் இதுவும் வடிவில் ஒன்று, பொருளில் வேறு.

527ஆம் குறளில் "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று வருகிறதே, அது என்ன? கிடைத்ததை ஒளிக்காமல் தன் இனத்தை அழைத்து உண்கிறது. அங்கே "கத்தி உண்ணும்" என்று வைத்துப் பாருங்கள், பொருளே போய்விடும். குறுந்தொகை 210இல் தோழி, தலைவன் வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலங்களில் நெய்ச்சோறு ஏந்திப் படைத்தாலும் அது சிறிது என்கிறாள். வெறும் சத்தத்துக்கு யார் இப்படி நன்றி சொல்வார்கள்? பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். காக்கை அவர் பெயரிலேயே ஏறிவிட்டது.

அகவுதலும் அழைப்புத்தான். தெய்வத்தை அழைத்துப் பாடிக் குறி சொல்பவளுக்கு "அகவன் மகள்" என்று பெயர். ஆசிரியப்பாவின் ஓசையும் அகவலோசை. கூவுதல் என்ற சொல்லோ, தெருவில் கூவி விற்பவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குயிலில் "குக்கூ" என்று கூவுவது ஆண்தான். அதுவும் துணையைத்தான் அழைக்கிறது. இந்தச் சொற்களை ஆக்கியவர்கள் பறவையின் குரலில் ஓர் அழைப்பைக் கேட்டிருக்கிறார்கள். "கத்தியது" என்று எழுதினால் அந்தக் காது நமக்கு இல்லாமல் போகும்.

மறுமொழி 1:
அழைப்பு என்ற பொருளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அப்படியானால் கரையட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கரைதல் என்றால் கூப்பிடுவது என்று இன்று அவளிடம் சொன்னேன். "யாரைக் கூப்பிட்டது?" என்று உடனே கேட்டாள். கதையில் அதற்குப் பதில் இல்லை. இரண்டாவது காகம் ஒன்றை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.