அரை மணிக் கட்டணத்தில் சேர்ந்தும் பில் ஒரே விலையில் வருகிறது

லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மொத்தச் சந்தை விலையை ஒட்டி அரை மணிக்கு ஒருமுறை மாறும் மின்கட்டணத்துக்கு நவம்பரில் மாறினோம். மூன்று மாதமாகியும் பில் பழைய ஒரே விலையில்தான் வருகிறது.

காற்று பலமாக வீசும் சில இரவுகளில் மொத்தச் சந்தை விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. அதற்காகவே அலாரம் வைத்து, இரவு ஒரு மணிக்கு எழுந்து துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடுகிறேன். விலை ஏறும் மாலை 4 முதல் 7 வரை மின் அடுப்பைத் தொடுவதில்லை. இவ்வளவு பாடுபட்டும் பில்லில் ஒரு பென்னி குறையவில்லை.

மீட்டர் ஸ்மெட்ஸ் 2 வகை (இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்). சமையலறையில் உள்ள சிறு திரையில் பயன்பாடு சரியாகத் தெரிகிறது. நிறுவனமோ அரை மணி அளவீடுகள் வந்து சேரவில்லை என்கிறது. மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். மீட்டரின் அளவீடுகளை அனுப்பும் தொடர்புப் பெட்டியை அங்கிருந்தே மறுபடி இயக்கிப் பார்த்தார்கள், பலனில்லை. ஜனவரி 9 அன்று எழுத்தில் புகார் கொடுத்தேன். எட்டு வாரம் கடந்தால் மின் நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்பது தெரியும்.

மீட்டருக்குள்ளேயே 13 மாத அரை மணி அளவீடுகள் சேமிப்பில் இருக்கும். அவற்றை எடுத்துக் காட்டி, பழைய பில்களைத் திரும்பக் கணக்கிட வைத்தவர்கள் அதை எப்படிச் செய்தீர்கள்?