புதுப்பிப்பு: கண்குழி எலும்பு முறிவு அறுவைக்குப் பின் பார்வையைக் காப்பது

முந்தைய பதிவில் கண்குழியின் (கண் அமர்ந்திருக்கும் எலும்புக்குழி) தளம் உடைந்தால் அதைத் தாங்கத் தட்டு வைப்பது, இரட்டைப் பார்வை, கன்ன மரப்பு பற்றி எழுதியிருந்தேன். பார்வையே போகுமா என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

அரிதுதான், ஆனால் போகலாம். முதல் எதிரி கண்ணுக்குப் பின்னால் தேங்கும் ரத்தம். கண்குழி என்பது விரியாத எலும்புப் பெட்டி. உள்ளே அழுத்தம் ஏறினால் விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ரத்தம் போகாது. சுமார் 90 நிமிடங்களைத் தாண்டினால் சேதம் நிரந்தரமாகலாம். கூடிக்கொண்டே போகும் வலி, கல் போல் இறுகிப் பிதுங்கும் கண், மங்கும் பார்வை, வெளிச்சத்துக்குச் சுருங்காத கண்மணி: இவை தெரிந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கவே கூடாது. படுக்கையிலேயே மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, இமையின் வெளிமூலையை 1 செ.மீ. அளவுக்கு வெட்டி, கீழ்இமையை எலும்போடு பிணைக்கும் தசைநாரையும் அறுத்துவிட வேண்டும். மூலையை மட்டும் வெட்டினால் அழுத்தம் போதிய அளவு இறங்காது. பலர் தவறுவது இங்கேதான். அழுத்தம் குறைக்கும் மருந்துகளான அசிட்டசோலமைடு, மானிட்டால் துணைக்குத்தான். பிறகு தியேட்டரில் ரத்தத்தை வெளியேற்றலாம்.

இரண்டாவது, தட்டு பின்னால் நீண்டு நரம்பை அழுத்துவது. கண்குழி விளிம்பிலிருந்து பார்வை நரம்பு நுழையும் துளை ஏறத்தாழ 40–45 மி.மீ. தூரம்தான். ரத்தத் தேக்கம் இல்லாமல் பார்வை குறைந்தால் உடனே சிடி ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் தட்டைக் கழற்ற வேண்டும்.

அறுவை முடிந்த கண்ணை இறுக்கிக் கட்டாதீர்கள். வலிமருந்தில் தூங்குகிறார் என்று விடாமல், முதல் சில மணி நேரம் அடிக்கடி எழுப்பி, விரல் எண்ணச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தவே கூடாது. காற்று கண்குழிக்குள் புகுந்தும் இதே அழுத்தம் வரும்.