அப்பா வருசக்கணக்கா ஜிங்க் மாத்திரை போடுதாவ, இப்போ பாதம் மரத்துப் போவுது, சம்பந்தம் உண்டா?

கல்லிடைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, வயக்காட்டு வேல, சுகர் கிடையாது. கொரோனா நேரத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு ஜிங்க் 50 எம்ஜி மாத்திரை ஆரம்பிச்சாவ, டாக்டர் எழுதிக் குடுத்தது இல்ல, இன்னும் நிறுத்தல, அதுகூட தெனமும் ஒரு சத்து மாத்திரை வேற. இப்போ ரெண்டு பாதமும் மரத்த மாதிரி இருக்குங்காவ, வரப்புல நடக்கும்போது செருப்பு கழண்டு கெடந்ததே தெரியல. ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்து சாப்பிட்டும் ஏறவே இல்ல. எங்க மைனி வேற முடி கொட்டுதுன்னு ஆன்லைன்ல செலினியம் 200 எம்சிஜி வாங்கி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுதாவ, இப்போ இன்னும் கூடக் கொட்டுது. சத்து மாத்திரைதான, கூடுனா ஒண்ணுக்குல போயிரும்னு வீட்ல சொல்லுதாவ, நெசமா?

பாளை மருந்துக்கடை:
தங்கச்சி, சி வைட்டமினுக்கு அது ஓரளவு சரி, தாதுச்சத்தை அந்தக் கணக்குல வைக்கப்படாது. ஜிங்க் அளவு கூடுனா குடல் செல்லுல மெட்டலோதயோனின்னு ஒரு புரதம் அதிகமாகும், அது காப்பரை, அதான் செம்புச்சத்தை, இறுக்கிப் புடிச்சுக்கிடும், அந்த செல்லு உதிரும்போது காப்பரும் சேந்து வெளிய போயிரும். இப்படியே ரொம்ப நாள் போனா காப்பர் பற்றாக்குறை வரும். காப்பர் இல்லன்னா இரும்பு உள்ள போயும் உடம்புக்கு உதவாது, அதனாலதான் ரத்தம் ஏறாம நிக்கலாம், வெள்ளை அணுவும் கொறையும், தண்டுவட நரம்பு கெட்டு காலு மரக்கும், நடை தள்ளாடும். ரத்தம் சீக்கிரம் சரியாயிரும், நரம்பு அப்படி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது, அதனால தள்ளிப் போடாதீய. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மேல்வரம்பு சாப்பாட்டையும் சேத்து 40 எம்ஜிதான். அந்த சத்து மாத்திரை அட்டைல ஜிங்க் எவ்ளோன்னு பாத்து சொல்லுங்க.

கல்லிடைப்பொண்ணு:
ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 எம்ஜின்னு போட்டிருக்கு அண்ணாச்சி. பயமா இருக்கு.

பாளை மருந்துக்கடை:
அது ஜிங்க் சல்பேட்ங்கிற உப்போட மொத்த எடை, அதுக்குள்ள ஜிங்க் கிட்டத்தட்ட 22 எம்ஜிதான். ஆனா அந்த 50 எம்ஜி வெறும் ஜிங்க் கணக்குன்னா ரெண்டும் சேந்து 72 ஆச்சு, சாப்பாட்டுல வாரது தனி. இதுதான் நிறைய பேரு ஏமாறுத இடம், அட்டைல எது உப்பு எது ஜிங்க்னு பாக்காம வாங்குதாங்க. உடம்புல காப்பர் தேங்கிப் போற வில்சன் நோய்க்கு டாக்டரே கூடுதல் ஜிங்க் குடுப்பாங்க, அவங்க நிறுத்தப்படாது, அப்பா கதை வேற, ஜிங்க்கை இன்னைக்கே நிறுத்திருங்க. காப்பர், ரத்தத்துல காப்பரை சுமக்குற செருலோபிளாஸ்மின் புரதம், ஜிங்க், ரத்த அணு எண்ணுத சிபிசி, பி12 வைட்டமின் எல்லாம் பாக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேளுங்க, ஏன்னா பி12 கொறஞ்சாலும் இதே மாதிரி மரக்கும். பி6 ரொம்ப நாள் கூடுதலாப் போனாலும் மரக்கும், அதையும் அட்டைல பாருங்க.

வீகேபுரம் நர்ஸ்:
மைனி விஷயத்தை விட்டுட்டீங்களே. செலினியத்துக்கு மேல்வரம்பு 400 எம்சிஜி, ரெண்டு மாத்திரையிலயே அது வந்துட்டு, மேல சாப்பாட்டுலயும் வரும். செலினியம் கூடுனா முதல்ல தெரியுறதே முடி கொட்டுறதும் நகம் ஒடையுறதும்தான், மூச்சுல பூண்டு வாடை கூட அடிக்கும். முடிக்குன்னு ஆரம்பிச்சது முடியையே கொட்ட வைக்கலாம், அதனால நிறுத்தச் சொல்லுங்க, தைராய்டும் ரத்தமும் பாத்துக்கிடுங்க.

தென்காசி சாரல்:
செம்புக் குடத்துல தண்ணி வச்சுக் குடிச்சா காப்பர் ஏறிராதா? எங்க ஆச்சி அப்படித்தான் குடிச்சாவ.

வீகேபுரம் நர்ஸ்:
நல்ல தண்ணி குடிக்கலாம் அண்ணாச்சி, ஆனா நரம்பு வரைக்கும் போன கொறைக்கு அதை நம்பி உக்காரப்படாது. ஈயம் பூசாத செம்புல மோரு, எலுமிச்சம் சாறு, புளித்தண்ணி ஊத்தி வைக்கவே கூடாது, காப்பர் கரைஞ்சு வாந்தி வயித்தால போகும். தங்கச்சி, காப்பர் மாத்திரையும் நீங்களா வாங்கிக் குடுக்காதீய, அளவை டாக்டர்தான் சொல்லணும். இரும்பு மாத்திரை வீட்ல இருந்தா பிள்ளைக கைக்கு எட்டாம வைங்க, மிட்டாய்னு நாலஞ்சை முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

கல்லிடைப்பொண்ணு:
ரெண்டு பேருக்கும் நிறுத்தியாச்சு. நாளைக்கு காலைல பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம், நரம்பு டாக்டர் பாக்கலாமா, பொது டாக்டர் போதுமா?

பாளை மருந்துக்கடை:
முதல்ல பொது மருத்துவம் ஓபி சீட்டு போடுங்க, அவங்களே நரம்புக்கு அனுப்புவாங்க. எல்லா அட்டையும், தீந்து போன டப்பா இருந்தா அதையும் ஒரு பையில போட்டு கொண்டு போங்க, எப்போ ஆரம்பிச்சதுன்னு சீட்டுல எழுதச் சொல்லுங்க.