ஆடம் ஆஸ்போர்னைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தூக்கிச் செல்லும் கணினிகளின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஆடம் ஆஸ்போர்னைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் எழுத்து நகரவில்லை. 1981 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் அவருடைய நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆஸ்போர்ன் 1, தூக்கிச் செல்லும் கணினிகளில் முதன்முதலாகச் சந்தையில் வெற்றி கண்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் மின்சுற்றுகளை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். ஐபிஎம் 5100 அதற்கு முன்பே 1975இல் வந்துவிட்டது. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான நோட்டேக்கர் என்னும் மாதிரிக் கணினியும் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்டதுதான். அப்படியிருக்க, ஆஸ்போர்னைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதுவது முறையா? அடுத்த கணினியை முன்கூட்டியே அறிவித்ததால்தான் அவருடைய நிறுவனம் மூழ்கியது என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை அப்படியே எழுதிவிடலாமா?

மறுமொழி 1

தாராளமாக எழுதலாம் என்பதே என் கருத்து. எதைக் கண்டுபிடித்தார் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும். நீங்கள் குறிப்பிட்ட ஐபிஎம் 5100 சுமார் 25 கிலோ எடை கொண்டது. அதன் விலை 9,000 டாலரை ஒட்டித் தொடங்கி 20,000 டாலர் வரை போயிற்று. நோட்டேக்கர் விற்பனைக்கே வரவில்லை. ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ எடையுடன் 1,795 டாலருக்குக் கிடைத்தது. அந்த விலையிலேயே சிபிஎம் (CP/M) இயங்குதளம், கடிதம் முதலியவற்றை எழுத உதவும் வேர்ட்ஸ்டார், கணக்குத்தாள் மென்பொருளான சூப்பர்கால்க், பேசிக் நிரல்மொழி ஆகிய அனைத்தும் அடங்கியிருந்தன. கணினியை ஒரு கடையிலும் மென்பொருளைத் தனித்தனியாக வேறு இடங்களிலும் வாங்கி, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று தவித்துக் கொண்டிருந்த காலத்தில், பெட்டியைத் திறந்த அன்றே கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் முடியும் என்ற நிலையை உருவாக்கியவர் அவர். இந்தச் சேர்க்கையைத்தான் நான் அவருடைய கண்டுபிடிப்பு என்று கருதுகிறேன்.

அதற்காக ஃபெல்சென்ஸ்டைனின் பங்கை ஓரிரு சொற்களில் கடந்துவிடாதீர்கள். மூடியாக இருப்பதைக் கழற்றிக் கீழே வைத்தால் அதுவே விசைப்பலகை. உள்ளே, தகவலைச் சேமிக்கும் ஃபிளாப்பி வட்டுகளுக்கான இரண்டு இயக்கிகள். அவற்றுக்கு நடுவே உள்ளங்கையளவில் 5 அங்குலத் திரை. அதில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள்தாம் தெரியும். ஆகவே நினைவகத்தில் 128 எழுத்து அகலமுள்ள பக்கத்தை வைத்து, திரையை அதன்மேல் நகரும் சாளரமாக அவர் ஆக்கினார். வரியின் மறுமுனையைப் படிக்க வேண்டுமானால் விசையை அழுத்திச் சாளரத்தைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மின்கலம் கிடையாது, போகுமிடத்தில் மின் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். இத்தனை குறைகளோடும் விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதத்திற்குப் பத்தாயிரம் கணினிகள் வரை போயின என்றால், மக்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். அந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்போர்ன் வேதிப் பொறியியல் படித்தவர். பின்னர் நுண்கணினிகளைப் பற்றி எளிய நூல்கள் எழுதி, தாமே பதிப்பித்து, அந்தப் பதிப்பகத்தை 1979இல் மெக்ரா-ஹில் நிறுவனத்துக்கு விற்றவர். அவருடைய அறிமுக நூலை இம்சாய் என்ற கணினி நிறுவனம் தன் கணினிகளுடன் சேர்த்தே கொடுத்தது. கணினியுடன் நூல் போவதைக் கண்ட மனிதர், பின்னாளில் கணினியுடன் மென்பொருளையும் அனுப்பினார் என்று நான் புரிந்துகொள்கிறேன். பொறியாளர்களுக்குத் தோன்றாதது ஒரு பதிப்பாளருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நம் வாசகர்களுக்காக இன்னொன்று. 1939இல் பாங்காக்கில் பிறந்த அவர் வளர்ந்தது திருவண்ணாமலையில். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமணாசிரமத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். நோயுற்ற இறுதிக் காலத்தில் தமிழகத்துக்கே திரும்பி வந்து, 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

மறுமொழி 3

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்கிறேன். முன்கூட்டியே அறிவித்தது உண்மை. பெரிய திரையும் 80 எழுத்து வரியும் கொண்ட எக்ஸிகியூட்டிவ் என்ற கணினி வரப்போகிறது என்று 1983இன் தொடக்கத்தில் தெரிந்தவுடன், விற்பனையாளர்கள் பழைய கணினிக்கான கொள்முதலைக் குறைத்தார்கள். செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. புதியதை அறிவித்துப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் ஒரே காரணத்தில் முழுப் பழியையும் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. 1982இலேயே கேப்ரோ நிறுவனம் அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையுடன் ஒரு கணினியைக் கொண்டுவந்துவிட்டது. எண்பது எழுத்துகள் ஒரே வரியில் தெரியும் திரை பக்கத்திலேயே இருக்கும்போது, சாளரத்தை நகர்த்திப் படிக்க யார் முன்வருவார்கள்? மறுபுறம் ஐபிஎம் கணினிகள் பரவி, அவற்றின் மென்பொருளையே இயக்கக்கூடிய காம்பாக்கின் தூக்கிச் செல்லும் கணினியும் 1983இல் சந்தைக்கு வந்தபோது, ஆஸ்போர்ன் 1 போலச் சிபிஎம் இயங்குதளத்தில் ஓடிய கணினிகளின் உலகமே சுருங்கத் தொடங்கியிருந்தது. அறிவிப்பு வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்று எழுதுங்கள். வீழ்த்தியது என்று எழுத வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விலைக்குள் மென்பொருளையும் சேர்த்து, தூக்கிச் செல்லும் கணினியைச் சாதாரணப் பயனர்கள் கைக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்போர்ன், அதைச் செய்துகாட்டிய வடிவமைப்பு ஃபெல்சென்ஸ்டைனுடையது என்று, இருவரின் பெயரும் ஒரே வாக்கியத்தில் வருமாறு மாற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் பத்தியை, கேப்ரோவின் திரையிலிருந்து தொடங்கப் போகிறேன்.