‘லிச்’ என்பது உடலா, பிணமா? மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம்

கேள்வி:
இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கல்லறைத் தோட்டத்தின் முகப்பில் கூரையோடு நிற்கும் ‘லிச்கேட்’ என்பதைப் ‘பிணவாசல்’ என்று எழுதினேன். ஆனால் கட்டுரையின் அடிக்குறிப்போ, ‘லிச்’ என்றால் உடல் என்கிறது. லிச்ஃபீல்டு என்னும் ஊர்ப்பெயருக்குப் ‘பிணங்களின் வயல்’ என்ற விளக்கமும் அதில் உள்ளது. எதை நம்புவது?

மறுமொழி 1:
ஐயா, அடிக்குறிப்பும் உங்கள் பெயர்ப்பும் வெவ்வேறு காலத்துப் பொருளைச் சொல்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என ஒலித்த இச்சொல், உயிருள்ள உடலுக்கும் உயிர் போன உடலுக்கும் பொதுவாக வழங்கியது. பேவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில், தோள் பிய்ந்த கிரெண்டெல் என்ற அரக்கன் உயிரோடு இருக்கும்போதே படும் வேதனைக்கு ‘லீச்சார்’, அதாவது உடற்காயம், என்ற சொல் வருகிறது. பின்னாளில் ‘பாடி’ என்ற சொல் பொதுவழக்கில் ஓங்கவே, ‘லிச்’ பிணத்தோடு ஒதுங்கிவிட்டது. நம் மருத்துவமனை வாசல்களில் “பாடி எப்போது கிடைக்கும்?” என்று கேட்கிறார்களே, அங்கே அந்தப் ‘பாடி’க்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது.

லிச்கேட்டைப் பொறுத்தவரை உங்கள் பொருள் பிழையன்று. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க வழிபாட்டு நூலின்படி, குருவானவர் தோட்டத்தின் நுழைவாயிலுக்கே வந்து சடலத்தை எதிர்கொள்ள வேண்டும். அவர் வரும்வரை சுமந்து வந்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்து, மழைக்கு ஒதுங்கி நிற்க அந்தக் கூரை உதவியது. ஆயினும் ‘பிணவாசல்’ காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. ‘லிச்கேட்’ என்றே எழுதி, முதலிடத்தில் மட்டும் விளக்கிவிடுவது நல்லது என்பேன்.

மறுமொழி 2:
ஊர்ப்பெயர் விளக்கத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அருகே இருந்த லெட்டோசீட்டம் என்ற ரோமானியக் குடியிருப்பின் பெயர், ‘சாம்பல் நிறக் காடு’ என்று பொருள்படும் கெல்டியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் சிதைவோடு ‘ஃபீல்டு’ ஒட்டியதே லிச்ஃபீல்டு. அங்கே கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற கதை, பெயரின் ஒலியைக் கேட்டுப் பிற்காலத்தில் கட்டியது.

இன்னொன்று: ‘ஃபிரெண்ட்லி’ என்பதன் வாலில் உள்ள ‘லி’யும் இதே ‘லீச்’தான். ‘நண்பனின் உருவுடைய’ என்பதே அதன் பழம்பொருள். ‘போல’ என்னும் பொருளில் வரும் ‘லைக்’கும் இக்குடும்பமே.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஊர்ப்பெயர் விளக்கத்தை நீக்கிவிட்டேன். ‘லிச்கேட்’ அப்படியே நிற்கும். முதலிடத்தில் ‘சடலத்தை இறக்கிவைக்கும் கூரைவாயில்’ என்று சேர்த்திருக்கிறேன்.