கன்ட்ரோல் கப்பில் 24 புழு செத்துப்போச்சு: கட்டுரையில் எழுதணுமா, விட்டுடலாமா?

நொச்சிக்காடு
எல்லாருக்கும் வணக்கம். பிஎச்.டி. மூணாவது வருஷம். நொச்சி இலையை மெத்தனால்ல ஊறவச்சு எடுத்த சாறு, டெங்கு பரப்பற ஏடிஸ் எஜிப்டி கொசுவோட புழுவை எவ்வளவு கொல்லுதுங்கறதுதான் என் வேலை. உலக சுகாதார நிறுவனத்தோட 2005 வழிகாட்டிப்படி செஞ்சேன். ஒரு செறிவுக்கு நாலு கப், கப்புக்கு 25 புழு, மூணாம் பருவக் கடைசி இல்லேன்னா நாலாம் பருவத் தொடக்கம், 24 மணி நேரம் கழிச்சு எண்ணணும். இதையே வேற வேற நாள்ல மூணு தடவை.

சாறே போடாத கன்ட்ரோல்ல முதல் நாள் நூத்துக்கு 3 செத்துது. ரெண்டாவது நாள் 6. மூணாவது நாள் 24. அன்னிக்கு ராத்திரி கரன்ட் போய் ஏசி நின்னுடுச்சு. புழு மாத்தின டிராப்பரும் வாய் குறுகலானது, அதுல புழு நசுங்கியிருக்கலாம். எதுன்னு தெரியல.

கைடு சார் "அபாட் சூத்திரம் போட்டு, கன்ட்ரோல்ல செத்ததைக் கழிச்சுச் சரிபண்ணு, இந்த மாசத்துக்குள்ள அனுப்பிடணும்"கறார். சீனியர் அக்கா "அந்த நாளையே தூக்கிடு, மூணு தடவை செஞ்சோம்னே எழுதிக்கோ, யாரு வந்து பாக்கப்போறா"ங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

ரெவ்யூவர்_ரெண்டு
அபாட் போடக் கூடாது. நீங்கள் பின்பற்றியதாகச் சொல்லும் அதே வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். கன்ட்ரோலில் சாவு 5 முதல் 20 சதவீதம் என்றால் அபாட் போட்டுத் திருத்தலாம். 20-ஐத் தாண்டினால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும். கன்ட்ரோல் புழுக்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழு ஆகிவிட்டாலும் இதே கதிதான்.

ஏன் என்று கேட்டால், அபாட் 1925-ல் கொடுத்த கணக்கு எளிமையானது. சாறு போட்ட கப்பில் 62, கன்ட்ரோலில் 24 என்றால், 62-லிருந்து 24 போக 38. அதை 76-ஆல் வகுத்தால் சரியாக 50 சதவீதம். கணக்கில் தப்பில்லை. ஆனால் சாறும் மற்றக் காரணமும் தனித்தனியாகக் கொல்கின்றன என்று அது நம்பிக்கொள்கிறது. ஏசி நின்ற வெக்கையில் ஏற்கெனவே துவண்ட புழுவைச் சாறு சுலபமாக முடித்திருக்கலாமே? அந்த 38-ம் நொச்சியின் வேலை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

கல்லூரி_வாத்தியார்
அபாட் விஷயத்தில் ரெவ்யூவர் சொல்வது சரி. ஆனால் அந்த சீனியர் பெண்ணை வில்லி ஆக்க வேண்டாம். வழிகாட்டியே தூக்கிப் போடு என்கிறது. தூக்கிப் போட்டாயிற்று. இன்னொரு நாள் செய்து மூன்றாக்கிக்கொள்ளட்டும். தூக்கிப் போட்டதைக் கட்டுரையில் வேறு எழுதி ஒப்பாரி வைக்கணுமா? சமையலில் முதல் தோசை கருகினால் விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டா பரிமாறுகிறோம்?

ரெவ்யூவர்_ரெண்டு
முதல் தோசை கருகினால் சொல்ல வேண்டாம். நாலில் ஒன்று கருகுகிற கல் என்றால் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு வேறு லேபில் ஒருவர் இதைத் திருப்பிச் செய்யும்போது அவருடைய கன்ட்ரோலும் செத்தால், தப்பு எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே வரி போதும்: "நான்கு முறை நடத்தினோம், கன்ட்ரோலில் 24 சதவீதம் இறந்ததால் ஒன்றை விலக்கினோம்."

கல்லூரி_வாத்தியார்
அந்த ஒரு வரியை நானும் எழுதியிருக்கிறேன் ஐயா. சில வருஷத்துக்கு முன் ஓர் இதழுக்கு அனுப்பினேன், பெயர் வேண்டாம். "வளர்ப்புக் கூடத்தின் தரம் ஐயத்துக்குரியது" என்று ரெண்டே வரியில் திருப்பிவிட்டார்கள். அதே இதழின் அடுத்த வெளியீட்டில் ஒரு கட்டுரை வந்தது. எல்லா அட்டவணையிலும் கன்ட்ரோல் பத்தி 0.0 ± 0.0. என் மாணவன் அதைக் காட்டி, "சார், நாம உண்மை சொன்னதுதான் தப்பு"ன்னான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? 2022 விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயமில்லை என்று யுஜிசி சொல்லிவிட்டது. ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் முதல் கேள்வியே எத்தனை பேப்பர் என்பதுதான்.

ரெவ்யூவர்_ரெண்டு
உங்கள் மாணவனுக்கு நடந்தது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். எல்லா அட்டவணையிலும், அத்தனை நாளிலும் கன்ட்ரோலில் ஒரு புழுகூடச் சாகவில்லையா? நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் அரைத்துப் போட்டுப் புழு வளர்த்தவனுக்குத் தெரியும். தீனி ஒரு சிட்டிகை கூடினாலே மறுநாள் தண்ணீர் கலங்கி நாலைந்து மிதக்கும். 3, 6 என்று எண் வந்தால்தான் இந்த ஆள் நிஜமாகவே எண்ணியிருக்கிறார் என்று நம்புவேன்.

எண்ணுவதைப் பற்றியும் கேட்கிறேன். சாகும் தறுவாயில் இருக்கும் புழுவை எப்படி எண்ணினீர்கள் நொச்சிக்காடு? கப்பின் மேல் செறிவு எழுதியிருந்ததா?

நொச்சிக்காடு
எழுதியிருந்தது சார். மார்க்கர்ல பெருசா. எண்ணினதும் நான் மட்டும்தான்.

மூச்சுக்குழாய் பக்கம் ஊசியால தொடுவேன். அசையாட்டி செத்தது. அசைஞ்சும் மேல வர முடியாம அடியில கிடந்தாலோ, தண்ணியைக் கலக்கினாலும் உள்ள முங்காட்டியோ, அதையும் செத்ததோட சேர்த்தேன். வழிகாட்டில அப்படித்தான் இருக்கு.

ரெவ்யூவர்_ரெண்டு
முறை சரி. ஆனால் "முங்கியதா, இல்லையா" என்பது கண்ணுக்குக் கண் மாறும். 120 பிபிஎம் (லிட்டருக்கு 120 மில்லிகிராம்) என்று கொட்டை எழுத்தில் இருக்கும் கப்பைப் பார்த்ததும் கை தானாக "செத்தது" பக்கம் சாயும். மறுபடி செய்யும்போது வேறொருவரை விட்டுக் கப்புகளுக்கு வெறும் எண் போட்டு, எந்த எண் எந்தச் செறிவு என்று ஒரு சீட்டில் மடித்து வைக்கச் சொல்லுங்கள். எண்ணி முடித்த பிறகு சீட்டைப் பிரியுங்கள். பைசா செலவில்லை. "எண்ணியவருக்குச் செறிவு தெரியாது" என்று எழுதினால் கட்டுரை ஒரு படி மேலே போய்விடும்.

கன்ட்ரோல் கப்பில் வெறும் தண்ணீரா, சாறு கரைத்த அதே கரைப்பானும் அதே அளவில் போட்டீர்களா? அதையும் எழுதுங்கள். பாதிக் கட்டுரைகளில் இதைத் தேடித் தேடி எனக்குக் கண் வலிக்கிறது.

யாழ்_நுளம்பு
இடையில வாறன், மன்னிக்கவும். புழு எங்கயிருந்து எடுத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? பல தலைமுறையா ஆய்வுகூடத்துக்குள்ளயே வளர்ந்த நுளம்பா, ஊருக்குள்ள பிடிச்சதா? கூடத்தில சொகுசா வளர்ந்தது மருந்துக்கு லேசில சாகும். வெளியில இருக்கிறது வருசக்கணக்கா மருந்து குடிச்சுப் பழகினது. இனம் என்னெண்டும் பார்த்து உறுதி செய்யவேணும். மன்னார்க் கிணறுகளில மலேரியா பரப்பிற அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு இருக்கெண்டு 2017-ல கட்டுரை வந்தது. இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு எண்ட சான்றிதழ் கிடைச்சது 2016-ல. புழுவை ஆராவது உன்னிப்பாப் பார்த்தபடியால்தான் அது தெரிய வந்தது.

டிரம்மும்_டயரும்
நான் சயின்டிஸ்ட் இல்லீங்க. ஒரு நகராட்சியில சுகாதார ஆய்வாளர். டிபிசி ஆளுங்களோட, அதாவது வீட்டுல கொசுப்புழு தேடற பணியாளருங்களோட, வீடு வீடாப் போய் டிரம்மு, தொட்டி, டயரு, பிரிட்ஜுக்குப் பின்னாடி டிரே எல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கறவன். ஒரு கணக்கு மட்டும் கேக்கறேன்.

நாங்க ஊத்தற அபேட்ங்கற கொசுப்புழு மருந்து லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸுக்கு 1 கிராம். தங்கச்சியோட நொச்சிக்கு எல்சி50, அதான் பாதிப் புழு சாகற அளவு, ஒரு 100 பிபிஎம்னு வச்சுக்குவோம். அதே சின்டெக்ஸுக்கு 100 கிராம் சாறு. அதுலயும் பாதிப் புழுதான் சாகும். 100 கிராம் காஞ்ச இலையில எவ்வளவு சாறு வந்துது தங்கச்சி?

நொச்சிக்காடு
8 கிராம் அண்ணா.

டிரம்மும்_டயரும்
அப்போ ஒரு தொட்டிக்கு ஒண்ணேகால் கிலோ காஞ்ச இலை. எங்க ஊர்ல எத்தனை ஆயிரம் தொட்டி! ஒரு ஏரியாவுக்கே நொச்சிக்காடு மொட்டையாயிடும். தண்ணி வேற பச்சையாப் போகும், அதுல எந்த அக்கா அரிசி களைவாங்க? இந்த மாதிரி பேப்பர் கடைசியில "எதிர்காலத்தில் கொசு ஒழிப்புக்குப் பயன்படும்"னு முடியுது. எந்த எதிர்காலம்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்.

கல்லூரி_வாத்தியார்
சகோதரரே, கணக்கு சரி, முடிவு அவசரம். கொசுவர்த்தியில் இருக்கும் பைரித்ராய்டு எங்கிருந்து வந்தது? சாமந்தி இனத்துப் பூவிலிருந்து. பூவை இடித்துத் தூவிய காலத்தில் யாரும் சின்டெக்ஸ் கணக்குப் போடவில்லை. அதற்குள் இருந்த பைரித்ரினைப் பிரித்து, அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பிறகுதான் கிராம் கணக்கு வந்தது. இந்தப் பெண்ணின் வேலை முதல் படி. முதல் படியிலேயே மாடி தெரியவில்லை என்றால் எப்படி?

ரெவ்யூவர்_ரெண்டு
ஐயா, இந்த முதல் படியில் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா? வேம்பு, துளசி, ஊமத்தை, ஆடாதொடை, சீத்தாப்பழ விதை... கரைப்பானை மாற்றி, கொசுவை மாற்றி, ஒரே வார்ப்பில் எத்தனை எத்தனை! சாற்றுக்குள் எந்தப் பொருள் கொல்கிறது என்று பார்ப்பவர் கொஞ்சம் பேர்தான். கச்சா சாற்றோடு நிற்கும் கட்டுரைகளைப் பல இதழ்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பக் காரணம் இதுதான். எண்ணெய்ப் பசையுள்ள சாறு நீர்ப்பரப்பில் படலம் கட்டி மூச்சுக்குழாயை அடைத்துக் கொன்றதா, நஞ்சு கொன்றதா என்றுகூடப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மறுபக்கம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைப் பாருங்கள். நகரை 24 பகுதியாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-ல், டெங்கு வைரஸைத் தடுக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏறிய கொசுவை விட்டார்கள். 2021-ல் வந்த கட்டுரையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று எழுதினார்கள். எண்ணியது புழுவை அல்ல, காய்ச்சலோடு வந்த ஆளை.

கல்லூரி_வாத்தியார்
யோக்யகர்த்தாவுக்கு இருந்த பணம் எங்கள் கல்லூரிக்கு இருந்தால் நானும் 24 பகுதி பிரிப்பேன். எங்கள் லேபில் ரெண்டு ஏசி, அதில் ஒன்று ரிப்பேர். பெரிதாகச் செய்ய முடியாதவன் எழுதவே கூடாதா? ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு எத்தனை கொசு தெரியுமா? ரெண்டு! ரெண்டே ரெண்டு கொசுவை வைத்து எழுதியவருக்கு 1902-ல் நோபல்.

ரெவ்யூவர்_ரெண்டு
நல்ல ஆளைக் கூப்பிட்டீர்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பைப் படியுங்கள். மலேரியா இரத்தம் குடித்த "இரண்டு கொசுக்களில்" காணப்பட்ட நிறமியுள்ள செல்கள் என்று தலைப்பிலேயே போட்டார். கொசுவின் வழியாக மலேரியா பரவுகிறது என்று அதில் முழங்கவில்லை. அந்த வேலையை அடுத்த வருஷம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்துச் செய்தார். ரெண்டு கொசு இருந்தால் ரெண்டு என்று எழுதுங்கள், நான் எதற்குத் திருப்பி அனுப்பப்போகிறேன்? ஒரு லேப், ஒரு வளர்ப்புக் கூட்டம், கச்சா சாறு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தலைப்பில் "சுற்றுச்சூழலுக்கு உகந்த மாற்று" என்று போட்டால்தான் எனக்குக் கோபம் வரும். மீன் குஞ்சுக்கு என்ன ஆகும், தட்டான் புழுவுக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் உகந்தது என்பது எப்படி?

கல்லூரி_வாத்தியார்
தலைப்பு விஷயத்தில் சரணடைகிறேன். ஆனால் எழுத வேண்டாம் என்று சொன்னால் மறுபடி வருவேன்.

ரெவ்யூவர்_ரெண்டு
எழுத வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இந்த மாதம் வேண்டாம் என்கிறேன்.

நொச்சிக்காடு
நாலு நாள் கழிச்சு வரேன். மெதுவாத்தான் கைடு சார்கிட்ட பேசினேன். வழிகாட்டியில 20 சதவீத வரியைக் காட்டினதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "சரி, இன்னொரு தடவை செய், ஆனா விலக்கினதை எழுதணுமா"ன்னார். வாத்தியார் சார் சொன்னதை அப்படியே சொன்னார்! அந்த வரியை வழிமுறைப் பகுதியில எழுதிட்டேன். அவர் இன்னும் அதை அடிச்சுத் தூக்கல, மஞ்சள்ல குறிச்சு வச்சிருக்கார். "உகந்த" போயிடுச்சு. செடி நொச்சிதான்னு உறுதிப்படுத்த, இலை மாதிரியைக் கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியத்துல (உலர் தாவரக் காப்பகம்) கொடுத்து எண் வாங்கவும் அனுப்பியாச்சு, அது ஏற்கெனவே செஞ்சிருக்க வேண்டியது.

அண்ணா, அபேட் கரைச்ச கப்பையும் பக்கத்துல வச்சு ஒப்பிடலாம்னு இருக்கேன். அதோட யாழ் நண்பர் சொன்னபடி லேப் புழுவுக்குப் பக்கத்துல ஊர்ப் புழுவையும் பாக்கணும். உங்க ஏரியாவுல எடுத்துக்கலாமா?

டிரம்மும்_டயரும்
வியாழக்கிழமை வாங்க தங்கச்சி, அன்னிக்குத்தான் பஞ்சர் கடைத் தெரு ரவுண்டு. காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க, எட்டு மணிக்கு நாங்க மருந்து ஊத்திடுவோம். பழைய டயருக்குள்ள தண்ணி கறுப்பா இருக்கும், புழு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கிண்ணம் ஒண்ணு கொண்டு வாங்க. டிராப்பரு வாய் அகலமானதா வாங்கிட்டீங்களா?